பாசறையும் லயமும்: அன்ரன் முத்துக்குமாருவின் படைவாழ்வும் ஊவாத் தோட்டங்களும்

1955 பெப்ரவரி 9ஆம் திகதி இலங்கைத் தரைப்படையின் தளபதியாக அன்ரன் முத்துக்குமாரு பொறுப்பேற்றார். அதற்கு முன் அந்தப் பதவியில் இருந்த இருவரும் பிரித்தானியர். சுதந்திர இலங்கையின் படைக்குத் தலைமை தாங்கிய முதல் இலங்கையர் ஒரு தமிழர் என்று இன்று சொன்னால், முப்பது ஆண்டுப் போரைக் கண்ட தலைமுறை நம்பத் தயங்கும். அவர் பெயர் தமிழ்ப் பாடநூல்களில் இல்லை, மேடைப் பேச்சுகளிலும் இல்லை.

அதே 1955இல், அந்தப் படை தன் புதிய வீரர்களைப் பயிற்றிய ஊவா மலையில், பாசறையைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழரில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் பிரஜைகள் அல்லர். பிறந்தது அங்கே, உழைத்தது அங்கே, பெற்றோரைப் புதைத்ததும் அங்கே. ஆனாலும் வாக்கு இல்லை, கடவுச்சீட்டு இல்லை, அரச வேலை இல்லை.

இந்த இரண்டு செய்திகளையும் நம்மவர்கள் தனித்தனியாகவே எழுதிவந்திருக்கிறார்கள். கொழும்புத் தமிழரின் சாதனை வரலாறு ஒரு பக்கம், மலையகத்தின் துயர வரலாறு இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே அரசின் ஒரே காலத்துச் செயல்கள். அந்த அரசு தமிழரில் யாரைத் தளபதியாக்கியது, யாரை வாசலிலேயே நிறுத்தியது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் இயல்பு விளங்கும். அப்படிப் பார்ப்பதற்கு ஊவாவில் இருக்கும் தியத்தலாவையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

பதுளைக்குப் போகும் ரயில் ஹப்புத்தளையைத் தாண்டியதும் மலையின் முகம் மாறுகிறது. அதுவரை பள்ளத்தாக்கு முழுக்கத் தேயிலை. தியத்தலாவையை நெருங்க நெருங்க மரமில்லாத புல்மேடுகள், திறந்த வானம், வறண்ட காற்று. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் அந்த வறண்ட காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மணத்தைத் தந்தது. அதே வறட்சியும் குளிர்ச்சியும் படைமுகாமுக்கும் தோதாக இருந்தன. ஊருக்கு மேலே ஒரு குன்றில் வெள்ளையாகத் தெரியும் நரி உருவம், 'பொக்ஸ்' என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள் விட்டுச்சென்றது. பிற்காலத்தில் அந்தக் குன்றில் படையினர் நடத்திய மோட்டார் பந்தயத்துக்கும் அதே பெயர்தான்.

முகாம் பிறந்த கதை தென்னாபிரிக்காவில் தொடங்குகிறது. 1899இல் மூண்ட போயர் போரில் பிடிபட்டவர்களை அடைத்து வைக்கப் பிரித்தானியா தன் தீவுக் குடியேற்றங்களைத் தேடியது. 1894இல் பண்டாரவளை வரை ரயில் வந்திருந்ததால் ஆயிரக்கணக்கானவர்களைக் கொழும்பிலிருந்து மலைக்கு ஏற்றுவது எளிது. 1900 ஆகஸ்டில் முதல் தொகுதிக் கைதிகள் வந்தார்கள். தீவுக்கு வந்த கைதிகள் ஏறத்தாழ 5,000 பேர். அவர்களுக்கான முதன்மை முகாம் தியத்தலாவை. தகரக் கொட்டகைகள், சுற்றிலும் முள்வேலி. ஜெனரல் ஒலிவியரைப் போன்ற பெரிய தளபதிகளும் கைதிகளில் இருந்தார்கள், தாடி முளைக்காத சிறுவர்களும் இருந்தார்கள். எலும்பிலும் மரத்திலும் ஊசி, புகைக்குழாய், கைத்தடி செதுக்கி விற்றார்கள். 'டி ஸ்ட்ரேவர்', 'தியத்தலாவை டம் டம்' என்று முகாமுக்குள்ளேயே பத்திரிகை நடத்தினார்கள். குடற்காய்ச்சல் பரவி நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களுடைய இடுகாடு அங்கேயே இருக்கிறது. போர் முடிந்தபின் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்த எங்கெல்பிரெக்ட் என்பவர் ஊர் திரும்ப முடியாமல் இலங்கையிலேயே தங்கி, யால சரணாலயத்தின் முதல் காவலரானார். 1914இல் 'எம்டன்' என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலுக்கு இறைச்சி கொடுத்தார் என்ற பொய்ப்பழி சுமத்தி அவரைச் சிறையில் வைத்தது தனிக் கதை.

போயர்கள் போனபின்னும் முகாம் கலையவில்லை. முதல் உலகப்போரில் ஜெர்மானியர்களை இங்கே அடைத்தார்கள். இரண்டாம் உலகப்போரிலும் அப்படியே. ஜெர்மனியில் பிறந்து இலங்கையில் துறவு பூண்ட ஞானதிலோக தேரர் இரண்டு போர்களிலும் தியத்தலாவைக் கம்பிக்குள் இருந்தவர். அவருடைய மாணவர் ஞானபோனிக தேரர் இரண்டாவது போரில் அவரோடு இருந்தார். பிறகு இருவரையும் டேராடூனுக்கு மாற்றினார்கள்.

ஊவாவில் படைக்காரர் ஆட்சி இதற்கும் பழையது. 1817இல் வெல்லஸ்ஸையில் கிளர்ச்சி வெடித்து, பதுளையின் உதவி அரச அதிபர் சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்கச் சென்னையிலிருந்து சிப்பாய்கள் வந்தார்கள். கிளர்ச்சித் தலைவர் கெப்பெட்டிப்பொல 1818 நவம்பரில் கண்டியில் தலை வெட்டப்பட்டார். அதன்பின் பல ஆண்டுகள் ஊவாவில் நீதிபதியும் நிர்வாகியும் படையதிகாரியும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். அவர்களில் பெயர் பெற்றவர் இலங்கை ரைபிள் படையின் மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ். ஊவாவின் பாதைகளை வெட்டுவித்தவர், பதுளையில் தீர்ப்புச் சொன்னவர், 1,400 யானைகளுக்கு மேல் சுட்டுக் கொன்றவர். 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பதுளை நகரின் புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுந்தது. அதன் கல்வெட்டில் அவர் பெயரை இன்றும் படிக்கலாம்.

மலைநாட்டுப் பாதைகளை மண் சுமந்து போட்டவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. மேஜர் தோமஸ் ஸ்கின்னர் காலத்தில் வீதி வேலைக்காகத் திரட்டிய 'பயனியர்' அணியில் பெரும்பாலோர் தென்னிந்தியத் தமிழர். அவர்களைப் படை ஒழுங்கின் கீழ்தான் நடத்தினார்கள். மலையகத் தமிழர் இலங்கையில் படை அமைப்போடு முதன்முதல் தொடர்புகொண்டது மண்வெட்டியோடுதான், துப்பாக்கியோடு அல்ல. அந்தப் பிரிவினை பின்னர் நூறாண்டு மாறவில்லை.

துப்பாக்கி துரைமார் கையில் இருந்தது. 1900இல் தொடங்கிய இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படை முழுக்க ஐரோப்பியத் துரைமாருக்கு உரியது. ஊவாவின் பெரியதுரையும் சின்னத்துரையும் வார நாளில் தோட்டம் பார்த்துவிட்டு, குறித்த நாளில் சீருடை உடுத்திப் பயிற்சிக்குப் போனார்கள். 1914இல் மேஜர் ஹோல் பிரவுன் தலைமையில் 8 அதிகாரிகளும் 229 வீரரும் எகிப்துக்குக் கப்பலேறினார்கள். சுயஸ் கால்வாயைக் காத்தார்கள், கலிப்பொலியில் ஜெனரல் பேர்ட்வுட்டின் மெய்க்காவலராக நின்றார்கள். பலர் அங்கிருந்து வேறு படைகளில் அதிகாரிகளானார்கள். அந்தப் படையைச் சேர்ந்த ஏறத்தாழ 80 பேர் போரில் மாண்டார்கள். கொழும்பில் பிறந்து, தோட்டத்துரையாகவும் இருந்த பசில் ஹோர்ஸ்போல் 1918 மார்ச்சில் பிரான்சில் வீழ்ந்து விக்டோரியா சிலுவை பெற்றார். இலங்கையில் பிறந்தவர்களில் அந்த விருது அவருக்கு மட்டுமே கிடைத்தது. இவர்களுடைய வீரத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் துரை போருக்குப் போன மாதங்களிலும் கொழுந்து பறிப்பது நிற்கவில்லை. விடியுமுன் தப்பு அடித்ததும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்று, கங்காணி பெயர் கூப்பிட, கணக்கப்பிள்ளை செக்ரோலில் குறிக்க, மலைக்கு ஏறிய பெண்களின் உழைப்பும் அந்தப் போருக்கான உழைப்புத்தான். பிரித்தானியச் சிப்பாயின் குவளையில் இருந்தது அவர்கள் பறித்த கொழுந்து.

முத்துக்குமாரு 1908 ஜூலை 6ஆம் திகதி பிறந்தார். கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியில் படித்தார். அங்கிருந்து ஒக்ஸ்போர்ட் ஜீசஸ் கல்லூரி, பிறகு பாரிஸ்டர் பட்டம். 1930களின் நடுவில் ஊர் திரும்பி வழக்கறிஞரானார். அதே காலத்தில் இலங்கை இலகு காலாட்படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். அன்று அது முழுநேரத் தொழில் அல்ல. 1881இல் தொண்டர் படையாகத் தொடங்கிய அந்த அணியில் சட்டத்தரணி, வர்த்தகர், அரச உத்தியோகத்தர் எல்லாரும் மாலையிலும் வாரக் கடைசியிலும் பயிற்சி செய்வார்கள். ஆண்டுக்கு ஒருமுறை தொண்டர் படைகளின் முகாம் தியத்தலாவையில் கூடும். பிற்காலப் பிரதமர் ஜோன் கொத்தலாவலையும் இந்த அணியில் வளர்ந்தவர்தான்.

அந்த அணியின் அதிகாரிகள் உணவறையில் சிங்களவரும் தமிழரும் பறங்கியரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள் என்று பழையவர்கள் பெருமையோடு நினைவுகூர்வார்கள். அது உண்மைதான். ஆங்கிலமே அங்கே பேச்சும் கட்டளையும் என்பதால் இனம் பின்னுக்குப் போனது. ஆனால் அந்த மேசையில் இடம்பிடிக்கக் கொழும்பிலோ கண்டியிலோ யாழ்ப்பாணத்திலோ பெரிய கல்லூரி ஒன்றில் படித்திருக்க வேண்டும், குடும்பத்துக்கு வசதி இருந்திருக்க வேண்டும். மூன்று நான்கு வகுப்போடு நின்றுபோன தோட்டப் பள்ளிக்கூடத்திலிருந்து அந்த உணவறைக்கு வழியே இல்லை. இனத்தைப் பார்க்காத அந்தப் படை வர்க்கத்தை மிகக் கவனமாகப் பார்த்தது. முத்துக்குமாருவின் உயர்வு தமிழினத்தின் உயர்வா என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

1939இல் போர் தொடங்கியதும் தொண்டர் படை முழுநேரப் படையானது. இலகு காலாட்படை ஐந்து பட்டாலியன்களாகப் பெருகியது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலை, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை. மே மாதம் கொக்கோஸ் தீவில் இலங்கைப் பீரங்கிப் படையினர் கலகம் செய்தார்கள். கிரேஷன் பெர்னாண்டோ உள்ளிட்ட மூவரைத் தூக்கிலிட்டார்கள். இரண்டாம் உலகப்போர் முழுவதிலும் படைக் கலகத்துக்காகப் பிரித்தானியா தூக்கிலிட்ட பொதுநலவாய வீரர்கள் இந்த மூவரே. அதன்பின் இலங்கைப் போர் அணி எதையும் களமுனைக்கு அனுப்ப ஆங்கிலேயர் துணியவில்லை. ஆகவே முத்துக்குமாருவின் போர்க்காலச் சேவை உள்நாட்டுக் காவலில் கழிந்தது. ஆனால் அந்தக் காவலின் பொறுப்பு சிறியதல்ல. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகத்தை டில்லியிலிருந்து பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு மாற்றினார். பர்மாப் போரின் திட்டங்கள் வரையப்பட்ட அந்தத் தலைமையகத்தின் காவலணிக்கு முத்துக்குமாரு பொறுப்பாக இருந்தார். பர்மாவில் சண்டையிட்ட அதிகாரிகளோடு ஒப்பிட்டு அவரைக் குறைத்து மதிப்பது நியாயமாகாது. களத்துக்குப் போகும் வாய்ப்பை அவருடைய படைக்கே மறுத்திருந்தார்கள்.

போர்க்காலத்து ஊவாவில் நடந்த இன்னொன்றை இதன் அருகே வைக்கவேண்டும். 1939 ஆகஸ்ட் 1 முதல் தோட்டக் கூலிவேலைக்கு இலங்கை போவதை இந்திய அரசு தடைசெய்தது. புதிய ஆட்கள் வராத நிலையில் இருந்தவர்களின் குரல் வலுத்தது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்தார். போராட்டம் ஊவாவுக்குப் பரவியது. மே மாதம் பதுளையை அடுத்த வெவஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சபையைக் கலந்தே தோட்டத்தை நடத்துவதாகத் துரை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அடக்கப் போன ஆயுதப் பொலிஸாரின் துப்பாக்கிகளைத் தொழிலாளர் பறித்தார்கள். பின்னணியில் சமசமாஜக் கட்சியின் எட்மண்ட் சமரக்கொடி, வில்லி ஜயதிலக்க போன்றோர் இருந்தார்கள்; அடுத்த மாதமே கட்சித் தலைவர்களைக் கைதுசெய்தார்கள். வெவஸ்ஸவைப் பற்றித் தமிழில் முழுநூல் ஒன்று இதுவரை வராதது பெரும் குறை. துணிச்சலும் கூட்டொழுங்கும் இல்லாத மக்கள் அப்படி ஒரு சபையை அமைத்திருக்க முடியாது. படைக்கு ஆள் தேடியவர்கள் கண்ணில் அந்த மக்கள் படவே இல்லை.

1946 ஜூன் 8ஆம் திகதி இலண்டனில் நடந்த வெற்றி அணிவகுப்பில் இலங்கை அணியை முத்துக்குமாரு நடத்திச் சென்றார். ஓ.பி.ஈ. விருதும் அவருக்குக் கிடைத்தது. சுதந்திரம் வந்தபோது படையமைப்பதில் அனுபவமுள்ள சில இலங்கையரில் அவர் முன்னால் நின்றார்.

அடுத்து வந்த பன்னிரண்டு மாதங்களை நிதானமாகப் பார்க்கவேண்டும். 1948 நவம்பரில் பிரஜாவுரிமைச் சட்டம் (18ஆம் இலக்கம்) நடைமுறைக்கு வந்தது. தந்தையாவது, அல்லது பாட்டனும் பூட்டனுமாவது இலங்கையில் பிறந்ததை எழுத்தில் நிறுவ முடியாத தோட்டத் தமிழர் ஒரே நாளில் அந்நியராயினர். 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் (3ஆம் இலக்கம்) வந்தது. அதே ஆண்டு படைச் சட்டம் (17ஆம் இலக்கம்) வந்தது. தேர்தல் திருத்தச் சட்டம் (48ஆம் இலக்கம்) தோட்ட மக்களின் வாக்கைப் பறித்தது. 1949 ஒக்டோபர் 10ஆம் திகதி இலங்கைப் படை பிறந்தது. நாடு யாருடையது என்று எழுதிய அதே பாராளுமன்றம், நாட்டை யார் காப்பது என்பதையும் அதே மாதங்களில் எழுதியது.

1949 சட்டப்படி விண்ணப்பிக்க, 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் தொடர்ந்து தீவில் வசித்ததை நிறுவவேண்டும். இடையில் அம்மா சாவுக்கோ தங்கை கல்யாணத்துக்கோ திருச்சிக்கும் சேலத்துக்கும் போய் ஓர் ஆண்டுக்கு மேல் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் பிறப்புப் பதிவு, செக்ரோல் பதிவு என்று ஒவ்வொரு தாளாகத் தேடி, கணக்கப்பிள்ளையையோ தொழிற்சங்கக்காரரையோ கெஞ்சி விண்ணப்பம் எழுதி, விசாரணைக்கு அழைத்தால் ஒருநாள் பெயரை இழந்து போகவேண்டும். பெயர் இழந்தால் அன்றைய சம்பளம் இல்லை. ஏறத்தாழ எட்டேகால் இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர்.

பிரஜாவுரிமை இல்லாதவனுக்கு அரச சேவையின் கதவு மூடியிருந்தது; படையின் கதவும் அப்படியே. 1950 பெப்ரவரியில் தியத்தலாவையில் படைவீரர் பயிற்சி நிலையம் தொடங்கியது. தீவின் நான்கு மூலைகளிலிருந்தும் இளைஞர்கள் ரயிலில் வந்து இறங்கினார்கள். மலைக்கு மறுபக்கத்துத் தோட்டக் குடியிருப்பு வரிசைகளான லயங்களிலிருந்து நடந்தே வரக்கூடியவர்களுக்கு அங்கே இடம் இல்லை.

புதிய படையின் முதல் தளபதி பிரிகேடியர் கெய்த்னஸ் பிரபு, அடுத்தவர் பிரிகேடியர் சர் பிரான்சிஸ் ரீட். முழுநேர இலகு காலாட்படையின் முதல் பட்டாலியனை லெப்டினன்ட் கேர்ணல் முத்துக்குமாரு கட்டியெழுப்பினார். தியத்தலாவையில் பயின்று வெளியேறிய இளைஞர்கள் அவர் கையில்தான் படையாக உருவானார்கள். 1953இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்கு இலங்கை அணியை அவர் நடத்திச் சென்றார். இரண்டு ஆண்டுகளில் தளபதியானார்.

அவருடைய பதவிக்காலம் 1955 முதல் 1959 முடிய. இலங்கைத் தமிழர் வாழ்வில் அதைவிடக் கடுமையான திருப்பம் கொண்ட ஐந்தாண்டு அரிது. 1956 ஏப்ரலில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்தார். ஜூனில் சிங்களம் மட்டும் சட்டம். அதே ஆண்டு ஒக்டோபர் 1ஆம் திகதி சிங்க ரெஜிமென்ட் உருவானது. இலகு காலாட்படை என்ற பெயர் போரிடும் முறையைச் சொன்னது. புதிய அணியின் பெயரோ சிங்களரின் தொன்மத்தைச் சொன்னது. ஒரு தமிழ்த் தளபதியின் காலத்தில்தான் அந்தத் திருப்பம் நடந்தது.

1958 மே மாதம் கலவரம். மே 27ஆம் திகதி ஆளுநாயகம் சர் ஒலிவர் குணதிலக்க அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தார். படை தெருவில் இறங்கியது. கொழும்பில் அகதியான தமிழரைக் கப்பல்கள் காங்கேசன்துறைக்குக் கொண்டுபோயின. அந்த நாட்களில் படையின் தலைவர் தமிழர். பெரும்பாலும் சிங்களரான வீரர்கள் அவருடைய கட்டளைக் கோட்டின் கீழ் நின்று கலவரக்காரரை அடக்கினார்கள். இதை நான் பெரிதாக மதிக்கிறேன். படை இனத்தின் படையாக அல்ல, அரசின் படையாக இருக்கமுடியும் என்பதற்கு நம் தீவில் கிடைத்த வலுவான சான்று அது. பிற்காலத்தில் 1983 ஜூலையில் பதுளைக் கடைத்தெரு எரிந்ததையும், 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ முகாமில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்க் கைதிகளைப் பொலிஸார் பார்த்திருக்கக் கும்பல் வெட்டிக் கொன்றதையும் அறிந்தவர்களுக்கு அந்தச் சான்றின் எடை புரியும். பிந்துனுவெவவிலிருந்து தியத்தலாவைப் பாசறை அதிகத் தூரம் இல்லை.

மலையகத்துக்காக அவர் ஏன் பேசவில்லை என்ற கேள்வி எழும். சீருடையில் இருக்கும் தளபதி பாராளுமன்றச் சட்டத்தை எதிர்த்துப் பேசக்கூடாது என்பது அவர் கற்ற ஒழுங்கு. அந்த ஒழுங்கு இல்லாவிட்டால் தளபதிகள் ஆட்சியைப் பிடிக்கும் நாடாக இலங்கை ஆகியிருக்கும். ஆகவே அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதை நான் ஏற்கவில்லை. பேசவேண்டிய இடத்தில் பேசாதவர்கள் வேறு. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குத் துணைபோன தமிழ் உறுப்பினர்கள் பாராளுமன்றத்திலேயே இருந்தார்கள். அதை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்த செல்வநாயகம் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். சட்டத்தைத் தடுக்கும் கடமையும் வாய்ப்பும் பாராளுமன்றத்தில் இருந்தவர்களுக்கே இருந்தன.

1959 செப்டெம்பரில் பண்டாரநாயக்க சுடப்பட்டு இறந்தார். ஆண்டு முடிவில் முத்துக்குமாரு மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்று, பாகிஸ்தான், அவுஸ்திரேலியா, எகிப்து என்று தூதராகப் போனார். அவர் போனபின் படை மிக விரைவாக மாறியது. 1961இல் யாழ்ப்பாணத்துச் சத்தியாக்கிரகத்தைக் கலைக்கப் படை வடக்கே போனது. 1962 ஜனவரியில் படை, பொலிஸ் அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்டு அகப்பட்டார்கள். அவர்களில் சிங்களவர், தமிழர், பறங்கியர் மூவரும் இருந்தார்கள், பெரும்பாலோர் கிறித்தவர். அதைக் காரணமாக வைத்து, ஆங்கிலம் படித்த கிறித்தவ மேட்டுக்குடியினரிடமிருந்து படையைச் சிங்கள பௌத்தருக்கு மாற்றும் போக்கை அரசு வேகப்படுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் கெமுனு வோச் என்ற அணி தியத்தலாவையில் பிறந்தது. எல்லாளனை வென்ற துட்டகெமுனுவின் பெயர் அது. புனித சூசையப்பர் கல்லூரியும் ஒக்ஸ்போர்டும் திறந்துவிட்ட கதவு முத்துக்குமாருவுக்குப் பின்வந்த தமிழருக்கு ஆண்டுக்கு ஆண்டு ஒடுங்கியது. தோட்டத் தமிழரைப் பிரஜாவுரிமையைக் காட்டித் தள்ளிய அரசு, பிரஜாவுரிமை உள்ள தமிழரை மொழியையும் மதத்தையும் காட்டித் தள்ள இருபது ஆண்டுகூட எடுக்கவில்லை. முதலாவது தள்ளலை மற்றத் தமிழர் தம் பிரச்சினையாக எண்ணவில்லை. அந்தக் கண்மூடலின் விலையை எல்லாரும் கொடுத்தோம்.

ஊவாவின் லயங்களில் இதற்கிடையே வேறொரு கணக்கு நடந்தது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பங்கிட்டார்கள். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை ரயில் நிலையங்களில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்குமாகப் பிரிந்து அழுத குடும்பங்களை மலையகம் மறக்கவில்லை.

முத்துக்குமாரு எழுதிய இலங்கைப் படை வரலாற்று நூல் ஆங்கிலத்தில் 1987இல் புதுடில்லியிலிருந்து வெளிவந்தது. அந்த ஆண்டு ஜூலையில் இந்தியப் படை வடக்கில் இறங்கியது. தொண்டர் படைகளிலிருந்து சுதந்திர நாட்டின் படை வரை ஓர் உள்ளாளின் அறிவோடு எழுதிய அந்த நூலைத் தமிழாக்க வேண்டும் என்பது என் விருப்பம். தமிழாக்குபவர் தனியாக ஓர் இணைப்பும் சேர்க்கவேண்டும்: பயனியர் அணியில் மண் சுமந்தவர்கள், போர்க்காலத்தில் ஊவாத் தோட்டங்களில் உழைத்தவர்கள், வெவஸ்ஸவில் சபை அமைத்தவர்கள் ஆகியோரின் பெயர்கள். அவற்றுக்கான தடயத்தைத் தோட்டக் கந்தோர்களின் பழைய செக்ரோல்களிலும் பதுளைக் கச்சேரிக் கோப்புகளிலும் தேடவேண்டும். தோட்டங்கள் கைமாறும்போதெல்லாம் பழைய பேரேடுகள் அழிந்துபோகும் ஆபத்து இருக்கிறது. மழையும் கரையானும் வேறு. பதுளையிலும் பண்டாரவளையிலும் இருக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் இந்த வேலையை இப்போதே தொடங்கலாம்.

முத்துக்குமாரு 2001இல் மறைந்தார். நாடற்றவராய் எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 2003இல்.